வெறுங்கால் சாலையின் காற்று

மதுரைப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்து போகும் பாதயாத்திரைக் குழுக்களில் பல, நிலக்கோட்டை வழியாகச் செம்பட்டியை அடைகின்றன. அங்கிருந்து கன்னிவாடி, ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி மலையடிவாரம் சுமார் 60 கிலோமீட்டர். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் இந்தச் சாலையோரம் இரவும் பகலும் மனிதர்களால் நிறைந்திருக்கும். காற்று மாசு என்றால் டெல்லிப் புகைமூட்டம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் மாசுபட்ட காற்று மனிதரின் நடையையும் மூச்சையும் எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்பதை இந்தச் சிறிய சாலையிலேயே பார்க்கலாம்.

திண்டுக்கல்லிலிருந்து தேனி, குமுளி போகும் நெடுஞ்சாலை செம்பட்டியில் குறுக்கிடுகிறது. பேருந்துகள் நின்று ஆள் ஏற்றுகின்றன. கேரளத்துக்குப் போகும் லாரிகள் வேகம் குறைத்துத் திரும்புகின்றன. சீராக ஓடும் வண்டியைவிட நின்று கிளம்பும் வண்டி அதிகம் புகைக்கும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் டீசலில் கந்தக அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புது வண்டிகளின் புகையும் வெகுவாகக் குறைந்தது. அதற்கு முன் வாங்கிய லாரிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பிரேக் தேய்வதும், டயர் உதிர்வதும், சாலை மண் கிளம்புவதும் இந்தப் புகை விதிக்குக் கட்டுப்படாதவை.

நடந்து வருகிறவர் செம்பட்டிக் கடையோரத்தில் உட்கார்ந்து, தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டால் முகத்தைத் துடைத்தால் துண்டில் செம்மண் நிறம் ஒட்டும். மூக்கைச் சிந்தினால் கருப்பாக வரும். அதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் கண்ணுக்குத் தெரியும் இந்தத் தூசி மூக்கு தடுத்து நிறுத்திவிட்ட தூசி. பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததற்கு. 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள், தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அது மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போய்விடும். அதில் மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். இருமலும் இழுப்பும் மட்டுமல்லாமல் மாரடைப்பும் பக்கவாதமும் காற்று மாசின் பாதிப்புகளில் சேர்வது அதனால்தான். இந்தத் துகளுக்கு இந்தியா வகுத்த 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 15. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது பெருந்தூசிக்கு உதவும். நுண்துகளுக்கு அது வேலி போட்டுக் காற்றை மறிப்பது போலத்தான். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் தடுக்கும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடப்பது எளிதல்ல.

செம்பட்டியைத் தாண்டினால் சாலை மலையை ஒட்டியே போகிறது. தருமத்துப்பட்டியில் பன்றிமலை, ஆடலூருக்கு ஏறும் பாதை பிரிகிறது. கன்னிவாடியில் மலை இன்னும் நெருங்கி வரும். தை மாதத்து இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிட, மலைச்சரிவின் குளிர்காற்றும் இறங்கி வந்து அடிவாரத்தில் தேங்கும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். வயல் வரப்பில் எரித்த குப்பையின் புகையும், அன்னதானப் பந்தலில் அண்டாவுக்கு அடியில் எரியும் விறகின் புகையும் மேலே போகாமல் பனைமர உயரத்தில் சாம்பல் நிறக் கோடாகப் படுத்துவிடும். வெயில் ஏறிய பிறகே அது கலையும். ஆடியில் கதை வேறு: பலத்த காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விடும், மண்தூசியைக் கண்ணில் அள்ளிப் போடும்.

தை மாதத்து இந்தத் தேக்கத்தில்தான் பாதயாத்திரைக்காரர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். விரதத்தில் செருப்புப் போடுவதில்லை. பகலில் தார் கொதிக்கும், கால் கொப்பளிக்கும். அதனால் இரவிலும் விடியற்காலையிலும் நடக்கிறார்கள். காற்று மிக மோசமாகத் தேங்கும் நேரமும் அதுவே. சும்மா இருக்கும் ஆள் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். வேகமாக நடந்தால் அது மூன்று மடங்காகும், காவடியோடு மேடு ஏறினால் இன்னும் கூடும். மூச்சு வாங்குகிறவர் வாயாலும் இழுப்பதால் மூக்கின் வடிகட்டலும் போகிறது. ஆகவே அதே சாலையில் காரில் கண்ணாடி ஏற்றிப் போகிறவரைவிட, ஓரத்தில் நடக்கும் பெரியவருக்கே பாதிப்பு அதிகம். ஆஸ்துமா உள்ளவர் பாதி வழியில் பேருந்து ஏறுவது மனத்தளர்ச்சியால் அல்ல. அவருடைய மூச்சுக்குழல் சுருங்கிவிடுகிறது.

விடியும் நேரத்தில் இவர்களைக் கடந்து மில் பஸ்கள் போகின்றன. திண்டுக்கல் மாவட்டத்தில் நூற்பாலைகள் ஏராளம். பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய், சட்டப்படி அறிவித்தாக வேண்டிய நோய்களில் ஒன்று. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் கூடுதலாக இருப்பது அதன் அடையாளம். பஞ்சுத்தூசியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் விறகடுப்பும் காத்திருந்தால், நுரையீரலுக்கு ஓய்வு நேரமே இல்லை.

மூலச்சத்திரத்தில் இந்தச் சாலை திண்டுக்கல்–பழனி நெடுஞ்சாலையோடு சேர்கிறது, வண்டிகள் பெருகுகின்றன. ஒட்டன்சத்திரம் தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று. கேரளத்துக்கு இங்கிருந்துதான் லாரி லாரியாகக் காய் போகிறது. மூட்டை தூக்கும் தொழிலாளி, எஞ்சின் அணைக்காத லாரியின் பின்னால் நின்று, நடப்பவரைவிடவும் ஆழமாக மூச்சிழுத்து வேலை செய்கிறார். சரக்கு ஏற்றும் நேரத்தில் எஞ்சினை நிறுத்தினாலே அவர் இழுக்கும் புகை குறையும். இதே ஊரில் 1955இல் மருத்துவர் ஏ.கே. தரியனும் ஜேக்கப் செரியனும் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை இருப்பது, மூச்சுத் திணறலோடு வருகிறவர்கள் திண்டுக்கல் வரை ஓட வேண்டிய தேவையைக் குறைத்திருக்கிறது. காற்றை இடைவிடாமல் அளக்கும் நிலையமோ திண்டுக்கல் நகரின் மெண்டோன்சா காலனியில் இருக்கிறது. நகரக் குடியிருப்பில் அளந்த எண், கன்னிவாடி அடிவாரத்து விடியற்காலைக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விருப்பாட்சி, சத்திரப்பட்டி, கொய்யாவுக்குப் பெயர்பெற்ற ஆயக்குடி என ஊர்கள் கடந்து பழனி வருகிறது. மலைக்கு 693 படிகள். செம்பட்டியிலிருந்தே அறுபது கிலோமீட்டர் நடந்த நுரையீரலுக்கு இதுதான் கடைசிச் சோதனை. படியோர மண்டபங்களில் நின்று மூச்சு வாங்குகிறார்கள். ஏறவே முடியாதவர்களுக்கு விஞ்ச் ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன. மலையைச் சுற்றிய கிரிவலப் பாதையில் முன்பு ஆட்டோக்களும் வேன்களும் பக்தர்களை உரசிக்கொண்டு போகும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து 2024 மார்ச்சில் அங்கே தனியார் வாகனங்கள் தடை செய்யப்பட்டன. முதியவர்களைக் கோயில் நிர்வாகத்தின் பேட்டரி கார்கள் ஏற்றிச் செல்கின்றன. செம்பட்டியிலிருந்து வந்த நடையில், வண்டிப் புகைக்கு ஒதுங்காமல் பாதையின் நடுவிலேயே வெறுங்காலோடு நடக்க முடிவது இந்தக் கடைசிச் சுற்றில்தான்.