சும்மா உக்காரு

எனக்குப் பதினான்கு வயதானபோது உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். ஆயா என்னைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவிடம் சொல்லும்: “குதிர மாதிரி வளந்து நிக்கிறா, சீக்கிரம் ஒருத்தன் கையில பிடிச்சுக் குடு.” அதன் பிறகு நான் கூன் போட்டு நடக்கப் பழகினேன். நிஜக் குதிரையின் பக்கத்தில் போய் நின்றபோது எனக்கு நாற்பத்தாறு வயது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினெட்டு வருடம் ஓவர்லாக் மெஷின் ஓட்டினேன். முதுகு போனது, வேலையை விட்டேன். என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் எனக்கு முன்பே நின்றுவிட்டு, பூந்தமல்லி தாண்டி, திருமழிசைப் பக்கம் தம்பி வீட்டோடு போய்விட்டார். தம்பி மூன்று குதிரை வைத்திருக்கிறார். கல்யாண ஊர்வலத்துக்கும், விடுமுறை நாட்களில் கடற்கரைக்கும் வாடகைக்கு ஓட்டுவார். சீட்டுப் பணம் கொடுக்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனை போட்டு விற்காமல் கிடந்த புல்வெளியில் அவை மேய்ந்துகொண்டிருந்தன.

அதில் ஒன்று செவலை நிறம், வயதான பெண் குதிரை. நேரே அதன் முகத்துக்குப் போய்க் கையை நீட்டினேன். அது கழுத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டது.

“நேரா போவாத. கையையும் நீட்டாத. சும்மா உக்காரு” என்றார் அக்கா.

குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருக்கிறது. ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பது அதற்குத் தெரியாது. நான் நின்ற இடம் அதன் இருட்டு. மேய்ந்து வாழும் பிராணி, தெரியாத இடத்திலிருந்து ஒரு கை வந்தால் விலகத்தான் செய்யும்.

எல்லைக்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். அன்று வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, மேய்ந்தபடியே பக்கத்தில் வந்து என் தோளில் சூடாக மூச்சு விட்டது. கன்றுக்குட்டிக்குச் சொறிவதுபோல் பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் விரலால் சொறிந்தேன். அதன் மேலுதடு நீண்டு துடித்தது. குதிரைகள் எதிரெதிராக நின்று ஒன்றுக்கொன்று சொறிந்துகொள்வது அந்த இடத்தில்தான். பிரான்சின் கமார்க் பகுதிக் குதிரைகளை ஆராய்ந்து 1993இல் வெளியான கட்டுரை ஒன்று, அங்கே சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று காட்டியது. என் இதயத்தை யாரும் அளக்கவில்லை. அளந்திருந்தால் அதுவும் குறைந்திருக்கும்.

விளையாட்டைத் தொடங்கியதும் செவலைதான். ஒருநாள் என் சாப்பாட்டுப் பையைப் பல்லால் தூக்கி வீசியது. எடுக்க ஓடினேன், அதுவும் ஓடியது. நின்றேன், நின்றது. திரும்பினேன், திரும்பியது. கயிறு இல்லை, கடிவாளம் இல்லை. மூச்சு வாங்க நின்றபோதுதான் யோசித்தேன், கடைசியாக எப்போது விளையாடினேன் என்று. வயதுக்கு வருவதற்கு முன்னால், தெருவில் பாண்டி ஆடியது.

செவலைக்குப் பிடிக்காவிட்டால் காதைப் பின்னால் மடித்துக்கொள்ளும். நான் கையை எடுத்துவிடுவேன். சிறிது நேரம் கழித்துத் தானே வரும். இந்தச் சின்ன விஷயம் என்னை ஏன் அழவைத்தது என்று பல நாள் புரியவில்லை. கம்பெனியில் தோளைத் தொட்டுத்தான் பேசுவார் ஒரு சூப்பர்வைசர். நகர்ந்தால், “என்னம்மா, தீண்டாமையா?” என்று சிரிப்பார். வீட்டிலோ ‘வேண்டாம்’ என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் போதாது என்றும் ஆகும். நான் ‘வேண்டாம்’ என்றதும் ஒருவர் கையை எடுத்து, கோபப்படாமல் காத்திருந்து நான் பார்த்ததில்லை. அப்படிச் செய்ய முடியும் என்பதையே, அதை ஒரு குதிரைக்குச் செய்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

“அங்க போய் என்னதான் பண்ற?” என்பார் வீட்டுக்காரர். ‘சும்மா இருக்கேன்’ என்று சொல்ல வாய் வராது. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், நூறு பெண்களில் 81 பேர் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிறார்கள், நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்களில் 26 பேர்தான் செய்கிறார்கள், அவர்களும் 97 நிமிடம். அந்த 299ஐ முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். ஆனாலும் திருடிக்கொண்டு போவதுபோல்தான் இருக்கும்.

இன்னொரு கேள்வி, “ஏறி ஓட்டுவியா?” என்பது. பாடப்புத்தகத்து ஜான்சி ராணியிலிருந்து, குதிரையும் பெண்ணும் என்றால் சவாரிதான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் குதிரையேற்றத்தின் டிரெஸ்ஸாஜ் போட்டி பெண்களுக்குத் திறந்தது. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல், ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வென்றார். குதிரையில் ஏற அவருக்குப் பிறர் உதவி வேண்டியிருந்தது. அந்தப் படத்தை என் மகள்தான் போனில் காட்டினாள். பெருமையாக இருந்தது. ஆனாலும் எனக்கு ஏற ஆசையில்லை. செவலையின் முதுகில் ஏற்கெனவே நிறைய பேர் ஏறிவிட்டார்கள்.

சௌகார்பேட்டைக் கல்யாணங்களில் மாப்பிள்ளை ஏறி வருவது பெண் குதிரை மேல்தான். முகூர்த்த நாளில் செவலை பட்டாசுக்கும் பேண்டுக்கும் நடுவே நிற்கும். ஒரு தை மாதம் திரும்பி வந்தபோது வாயோரம் கடிவாளம் அறுத்திருந்தது. அடுத்த நாள் நான் போனேன். அது என் பக்கமே வரவில்லை. கல்லில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அக்கா தம்பியிடம் சண்டை போட்டார். “ஓட்டலன்னா தீனி யார் போடுவா?” என்றார் தம்பி. அது பொய்யான கேள்வி இல்லை. ஆனால் விடிகாலையில் புல் அறுப்பதும், சாணம் அள்ளுவதும், குளம்பு கழுவுவதும் அக்கா. வாடகை வாங்குவது தம்பி. “தீனி நான்தான்டா போடுறேன்” என்றார் அக்கா. அந்த வீட்டில் அதை அவர் சத்தமாகச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. பட்டாசு வெடிக்கும் ஊர்வலத்துக்குச் செவலை இனிப் போகாது, ஒரு கல்யாணம் முடிந்தால் மறுநாள் ஓய்வு என்று முடிவானது. கடிவாளம் இன்னும் இருக்கிறது. வாடகையும் இன்னும் தம்பி கையில்தான்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். என்னைவிட ஓர் அங்குலம் உயரம். போன மாதம் மாமியார் அவளைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னார். அந்த ஞாயிறு அவளை அழைத்துப் போனேன். செவலையைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு நேரே நடந்தாள்.

“நேரா போவாத. சும்மா உக்காரு” என்றேன்.

“எவ்ளோ நேரம்மா?”

“அது வர்ற வரைக்கும்.”

“வரலன்னா?”

“வீட்டுக்குப் போலாம். அடுத்த வாரம் வரலாம்.”

கல்லில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. அவள் புல்லில் உட்கார்ந்து, நீளமான காலை நீட்டிக்கொண்டாள்.