பட்டையில் இறங்கிய கோடு

கோலாகங்சாரில் 1877-ஆம் ஆண்டு நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் நிற்கின்றது. ஈப்போவிலிருந்து மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் அதன்முன் சற்றுநேரம் வாளாநிற்பது என் வழக்கம்.

1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, ரப்பர் பயிரிடுமாறு தோட்ட முதலாளிகளை வேண்டியபோது, அவரைப் பித்தர் என்று எள்ளினர். கன்று பால் தருவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். காப்பியில் காசு கண்டவர்கள் அதுவரை காத்திருக்க விரும்பவில்லை. காப்பியின் விலை வீழ்ந்த பின்னரே அவர் சொல் செவியில் ஏறலாயிற்று. மரத்தைக் கெடுக்காமல், பட்டையை மெல்லிதாகச் சீவி, மீண்டும் மீண்டும் பாலெடுக்கும் முறையை வகுத்தவரும் அவரே. என் அன்னையார் ரிட்லியின் பெயரை அறியார். எனினும் அம்முறையைத்தான் விடியுமுன் எழுந்து நாள்தோறும் செய்துவந்தார்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்த நாங்கள், முதலாம் படிவத்திற்குச் செல்லுமுன் மலாய்மொழி பயில ஓராண்டு புகுமுக வகுப்பில் அமரவேண்டியிருந்தது. 1983-இல் நானும் அமர்ந்தேன். ஆறு திங்கள் கழிந்தும் என் கட்டுரைகளில் சிவப்பு மையே மிகுந்திருந்தது. "படிப்பு வேண்டாம், நானும் உளி பிடிக்கிறேன்" என்றேன். அம்மா சினக்கவில்லை. விடுமுறையில் தம் நிரைக்கு அழைத்துச் சென்றார்.

"நேத்து வெட்டுன கோட்டுக்கும் இன்னிக்கு வெட்டுனதுக்கும் வித்தியாசம் தெரியுதாய்யா?"

தெரியவில்லை என்றேன்.

"வருசத் தொடக்கத்துல கோடு எங்க இருந்திச்சு பாரு" என்று மேலே கைவைத்துக் காட்டினார். இடையே அரைச் சாண் இருந்தது. "அவசரப்பட்டு ஆழமா வெட்டுனா மரம் காயப்பட்டுடும்யா. அப்புறம் அந்த எடத்துல பட்டை சரியா வளராது."

அன்றிரவு என் சனவரி ஏட்டையும் சூன் ஏட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். சனவரியில் ஒரு வாக்கியமும் நேராக இல்லை. சூனில், பிழைகளோடேனும், ஒரு முழுப்பக்கம் இருந்தது. படிப்பை விடவில்லை.

அப்பாடத்தை ஆசிரியனான பின்னர் ஒருமுறை மறந்தேன். தோட்டத்துப் பெண்மணி ஒருவரிடம், "உங்கள் மகனுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லிவிட்டேன். அவர் மறுசொல்லின்றித் தலைகுனிந்து சென்றார். ஆண்டிறுதியில் அவனுடைய ஏட்டைப் புரட்டினேன். எழுத்தறியாமல் வந்தவன், எழுத்துக் கூட்டிச் சொற்களை எழுதத் தொடங்கியிருந்தான்! அதற்குள் தோட்டம் செம்பனைக்கு மாறி, அக்குடும்பம் வேலைதேடி வேறிடம் சென்றுவிட்டது. என் சொல்லைத் திரும்பப்பெற வழியில்லை. அக்குற்றவுணர்வு இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

இப்பொழுது என் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையின் முதல்வார ஏட்டையும் காத்து வைக்கிறோம். பெற்றோர் வரும் நாளில், அதனையும் அண்மைய ஏட்டையும் அருகருகே வைத்த பின்னரே ஆசிரியர் பேச்சைத் தொடங்கவேண்டும்.

இளம் ஆசிரியர்களே, மாணவமணிகளே! வெட்டாத நாளில் கோடு இறங்குவதில்லை. ஆதலின் அன்றாட உழைப்பில்லாத பொறுமையால் பயனில்லை. உழைத்தும் வளர்ச்சி தென்படவில்லையே என்று உள்ளம் சோரும் நாளில், நேற்றைய ஏட்டை விடுத்து, ஆண்டின் முதல் ஏட்டை எடுத்துப் பாருங்கள்.