பெருநாள் காலையில் ஓர் இட்டிலிப் பொட்டலம்

வருடத்தில் ஐந்து நாள்கள் நோன்பு வைப்பது நமக்கு விலக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பெருநாள்கள், ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்து வரும் மூன்று நாள்கள். அந்நாள்களில் உண்பதும் பருகுவதும் அல்லாஹ்வை நினைவுகூர்வதுமே வணக்கம் என்று சிறுவயதில் ஓதும் பள்ளியில் உஸ்தாது சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு நாளில், 2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் காலையில், என் தாயாருக்கு ஒருவேளை உணவு தேடிச் சென்னைத் தெருக்களில் அலைந்தேன். கிடைக்காமல் அலைந்தேன் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நடந்தது அதுவன்று.

அத்தாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை ஏப்ரல் 8ஆம் தேதி நடந்தது. உத்தமபாளையத்திலிருந்து நானும் அம்மாவும் அவரை அழைத்துக்கொண்டு வந்து ஆறு நாள்களாகியிருந்தன. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனை; அம்மா அத்தாவுடன் அறையில், நான் எழும்பூரில் ஒரு விடுதியில். எங்கள் ஊருக்கு மலைக்கு அப்பால் குமுளியில் இருக்கும் உறவினர்களுக்கு 10ஆம் தேதியே பெருநாள். கேரளத்தில் பெருநாள் பிறை ஒரு நாள் முன்னதாகத் தென்பட்டிருந்தது. அவர்கள் அனுப்பிய வாழ்த்துகள் கைப்பேசியில் வந்து விழும்போது நான் முப்பதாவது நோன்போடு மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தேன். அன்றிரவு அத்தாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாதாரண அறைக்கு மாற்றினார்கள். "எனக்குப் பெருநாள் இன்னைக்கே வந்துருச்சு" என்றார் அம்மா.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பதினெட்டு ஆண்டுகள். காலையும் இரவும் இன்சுலின். நோன்பு வைக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்ன ஆண்டிலிருந்து ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யாவை நிறைவேற்றி வருகிறார். ரமளான் முதல் பிறையிலேயே கணக்கிட்டு, எங்கள் தெருவில் இரண்டு வீடுகளுக்கு அரிசியும் மளிகையும் போய்விடும். ஃபித்ராவும் பெருநாள் தொழுகைக்கு முன்பே போய்விட வேண்டும் என்பதில் மிகக் கறாரானவர். மருத்துவமனையில் இருந்தபடியே என் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, "குடுத்தாச்சா, குடுத்தாச்சா" என்று மூன்று முறை கேட்டார். பெருநாள் அன்று யாரும் பசியோடு இருக்கக் கூடாது என்பதுதானே அதன் நோக்கம்.

காலையில் குளித்து, புதுச் சட்டை அணிந்து, மூன்று பேரீச்சம்பழங்களை உண்டு, பெட்டியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பெரியமேடு பள்ளிவாசலுக்குப் போனேன். ஹனஃபீ மத்ஹபின்படி பதினைந்து நாள்களுக்குக் குறைவாகத் தங்குகிறவன் பயணிதான். பெருநாள் தொழுகை என்மீது கட்டாயமில்லை. ஆயினும் ஊரை விட்டு வந்த இடத்தில் தக்பீர் முழக்கம் காதில் விழும்போது எப்படி அறையில் உட்கார்ந்திருப்பது? தொழுகை முடிந்து, முன்பின் அறியாதவர்களை எல்லாம் தழுவி முஸாஃபஹா செய்துவிட்டு வெளியே வந்தபோது மணி எட்டே முக்கால். அம்மாவை அழைத்தேன். "கடைத் தெருவுலதான் நிக்கிறேன். பிரியாணி வாங்கிட்டு இந்தா வந்துடுறேன்" என்றேன். அந்தச் சொல்லை நம்பி அம்மா ஊசியைப் போட்டுக்கொண்டார். அவருடையது கலப்பு இன்சுலின். போட்ட அரை மணிக்குள் உணவு வயிற்றில் இருக்க வேண்டும்.

பெரியமேட்டில் பிரியாணிக்கா பஞ்சம்? அந்த மாதம் முழுவதும் அதிகாலை மூன்று மணிக்கு ஸஹருக்காக விளக்கெரிந்த தெருக்கள் அவை. முதல் நாள் ஸஹருக்கு நான் சாப்பிட்ட கடையை நோக்கி நடந்தேன். ஷட்டர் இறங்கியிருந்தது. 'பெருநாளை முன்னிட்டு இன்றும் நாளையும் விடுமுறை' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. எதிர்க் கடையும் அப்படியே. அடுத்த சந்தில் தாள்கூட இல்லை. வாசலில் ஒரு பூனை படுத்திருந்தது. கைப்பேசி வரைபடத்தில் 'திறந்துள்ளது' என்று பச்சை எழுத்தில் காட்டிய இரண்டு இடங்களுக்குப் போனேன், இரண்டும் பூட்டியிருந்தன. செயலியில் ஓர் உணவகம் கிடைத்தது. ஐம்பது நிமிடம் என்றது. பணம் கட்டிய நான்காம் நிமிடத்தில், கொண்டு வர ஆள் இல்லை என்று தானாகவே ரத்தாகிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய மஹல்லாவில் ஒரு கடையாவது திறந்திருக்கக் கூடாதா, பெருநாள் அன்று வெளியூர்க்காரனே இருக்க மாட்டானா என்று மனத்துக்குள் பொருமிக்கொண்டே நெடுஞ்சாலையைக் கடந்து எழும்பூர்ப் பக்கம் போனேன். தேர்தலுக்கு எட்டு நாள்களே இருந்தன. ஒரு பிரசார வேன் எனக்கும் சேர்த்துப் பெருநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கடந்து போனது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கோபம் கொள்ள எனக்கு யாரைவிடவும் உரிமை குறைவு. என் தாய்மாமன், நாங்கள் மாமு என்று அழைப்பவர், சென்னையில் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். ஊருக்கு வருவது ஆண்டுக்கு இரண்டு முறை, இரு பெருநாள்களுக்கும். பெருநாள் காலையில் ஃபஜ்ருக்குப் பின் நானும் என் மச்சான்களும் பேருந்து நிலையத்தில் போய் நிற்போம். இரவெல்லாம் ஓடிவந்த திருவள்ளுவர் பேருந்திலிருந்து அவர் இறங்குவார். அடுப்புச் சூட்டில் மாநிறம் கறுத்து, கையில் ஓர் அட்டைப் பெட்டி, கண்களில் ஒரு மாதத் தூக்கம். நேராகக் குளியல், நேராகத் தொழுகை. ஒரு வருடம் முதலாளி விடவில்லை. பெருநாள் அன்றும் கடை உண்டு என்றுவிட்டாராம். அன்று நாங்கள் மூன்று பேருந்துகள் வரும்வரை நின்றிருந்துவிட்டுத் திரும்பினோம். நன்னி கறி ஆணம் காய்ச்சி எல்லோருக்கும் பரிமாறினார். தமக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்கு, பசிக்கவில்லை என்றார். இறங்கியிருந்த அந்த ஷட்டர்களுக்குப் பின்னால் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் தெற்கே எங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் போன எத்தனை மாமுக்கள் இருந்திருப்பார்கள்! அவர்களுக்காக எத்தனை பிள்ளைகள் பேருந்து நிலையங்களில் காத்திருந்திருப்பார்கள்! அந்த எண்ணம் அந்தக் காலையில் எனக்குத் தோன்றவே இல்லை. பசியைவிடப் பிடிவாதம் அறிவை மங்கச் செய்கிறது.

ஆம், பிடிவாதம்தான். ஏனென்றால் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சாலையில் ஒரு சைவ உணவகம் திறந்திருந்தது. ஆவி பறக்க இட்டிலி, பொங்கல், பூரி. அதை நான் ஒருமுறை அல்ல, இருமுறை கடந்தேன். 'பெருநாள் அன்று அம்மாவுக்கு இட்டிலியா வாங்கிக்கொண்டு போவது? அதுவும் அத்தா மறுபிறவி எடுத்து வந்திருக்கும்போது?' என்று மனம் கேட்டது. அதில் விலக்கப்பட்ட உணவு ஏதுமில்லை. தடை என் பெருமையில் இருந்தது. உறவினர் வீட்டிலிருந்து மதியம் பிரியாணி வரத்தான் போகிறது. இருந்தும், காலையிலேயே என் கையால் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை.

மூன்றாவது முறை அந்தக் கடையை நெருங்கும்போது அத்தாவின் எண்ணிலிருந்து அழைப்பு. அறுவை நடந்து மூன்றாம் நாள். குரல் காற்றாக வந்தது.

"அம்மாக்குக் கை நடுங்குதுப்பா. வேர்த்துக் கொட்டுது. நீ எங்க இருக்க?"

நெடுஞ்சாலையில் ஓடினேன். நான் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் செவிலியர் வந்து விரலில் குத்திப் பார்த்திருந்தார். சர்க்கரை 58. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வைத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார் அந்தப் பெண். அம்மாவின் புதுச் சேலை முதுகில் ஒட்டியிருந்தது. அத்தாவுக்கு மருத்துவமனையில் கொடுத்த காலை உணவுத் தட்டில் ஓர் இட்டிலி மீதமிருந்தது. 'நோயாளிக்கு உரியது, அதை நான் சாப்பிடக் கூடாது' என்று அம்மா தொடவில்லையாம். கீழே இருந்த உணவகம் விடுமுறை நாள் என்பதால் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்று பலகை மாட்டியிருந்தார்கள். என் தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பேரீச்சம்பழப் பெட்டி. மூன்றை நான் உண்டது போக மீதியெல்லாம் அதில் இருந்தன. போகும்போது அதை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது முறை பார்த்தபோது 84. "பயப்படாதீங்க. ஆனா உடனே சாப்பாடு குடுத்துடணும். சாப்பாடு கைக்கு வராம ஊசி போடக் கூடாதும்மா" என்றார் செவிலியர். சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீட்டார் எல்லோரும் இதை அறிவீர்கள். நாங்களும் பதினெட்டு ஆண்டுகளாக அறிந்தவர்கள்தாம்.

மறுபடியும் ஓடினேன், அந்தச் சைவக் கடைக்கு. தொப்பியும் ஜிப்பாவும் அத்தர் வாசனையுமாக நான் வியர்த்து நின்றதைப் பார்த்துக் கல்லாவில் இருந்தவர், "பாய்க்கு முதல்ல குடுப்பா" என்று உள்ளே குரல் கொடுத்தார். பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த பையனுக்கு இருபது வயதிருக்கும். என் கையில் கொடுக்கும்போது தணிந்த குரலில், "ஈத் முபாரக், பாய்" என்றான்.

சற்று நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை உருதுவில் கேட்டேன். மேற்கு வங்கத்தில் மால்டா மாவட்டம். தொழுதாயிற்றா என்றதற்கு, முதல் ஜமாஅத்திலேயே தொழுதுவிட்டு ஆறு பேருமாக ஓடிவந்துவிட்டோம் என்றான். ஊருக்குப் போகவில்லையா? போக இரண்டு நாள், வர இரண்டு நாள். மே மாதத்தில் அங்கே ஓட்டுப் போடும் நாள் வருகிறது, அதற்குப் போக வேண்டும் என்று விடுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்றான். இரண்டில் ஒன்றுதான் முடியும்; ஓட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். சாம்பாரை இன்னொரு பையில் ஊற்றித் தந்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.

அம்மா நான்கு இட்டிலிகளையும் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி:

"அந்தப் புள்ள சாப்பிட்டுச்சா?"

நான் கேட்கவில்லை.

"அதைக் கேக்காம வேற என்னத்தக் கேட்ட?"

மதியம் இரண்டு மணிக்குப் பல்லாவரத்திலிருந்து உறவினர்கள் பாத்திரம் நிறையப் பிரியாணியும் தால்ச்சாவும் கொண்டுவந்தார்கள். அத்தாவுக்கு அது கிடையாது. வாசனை மட்டும் போதும் என்றார். அம்மா தாம் உண்ணும் முன்பே, கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று இல்லாமல், மேலிருந்து நல்ல கறித் துண்டுகளாகப் பொறுக்கி ஒரு பாத்திரத்தில் எடுத்து மூடி வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அஸருக்குப் பின் அதை எடுத்துக்கொண்டு போனேன். கல்லாவில் இருந்தவர் என் கையைப் பார்த்ததுமே சங்கடப்பட்டார். "கறியா பாய்? மன்னிச்சுக்கோங்க, இதை உள்ள கொண்டு வரக் கூடாது" என்றார். அவர் சொன்னது நியாயம். அது அவர்கள் கடையின் முறை. பிறகு அவரே எழுந்து வெளியே வந்து, பக்கத்துச் சந்தைக் காட்டி, பையன்கள் ஷிப்டு முடிந்து பின்மாடி அறையில் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, கீழே நின்று தாமே குரல் கொடுத்தார்.

அவன் பனியனோடு இறங்கிவந்தான். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, இதைக் கழுவித் தருகிறேன், நிற்க முடியுமா என்று கேட்டான். நின்றேன். மேலே இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள் என்பது சன்னலில் தெரிந்த தலைகளிலிருந்து தெரிந்தது. நாங்கள் கொண்டுவந்தது ஒருவருக்கான அளவு. கால் மணி நேரம் கழித்துப் பாத்திரம் ஈரத்தோடு திரும்பி வந்தது. உள்ளே காகிதத்தில் சுற்றிக் கொஞ்சம் சேமியா வைத்திருந்தான். காலையில் அறையில் அவர்களே கிண்டியதாம்.

"அம்மாஜிக்கு" என்றான்.

அம்மாவுக்கு இனிப்பு ஆகாது என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அறைக்குப் போய் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா ஒரு விரல் நுனியளவு எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் போட்டுக்கொண்டு, மீதியைச் செவிலியர் அறைக்குக் கொடுத்தனுப்பினார்.