முற்றத்துக் கரிநெருப்பு

திருப்பூரின் மார்கழிப் பனிக்குக் கணப்பு தேவையில்லை. ஆனால் கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் பனியன் தொழிலாளர் குடும்பங்கள், குளிருக்கு அஞ்சி, கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவடைத்து உறங்குவதுண்டு. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் அவ்வாறு உறங்கிய இருவர் விழித்தெழவில்லை.

கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது குருதியில் கலந்துவிடுகிறது. தணல் மங்கினாலும் நஞ்சு ஓய்வதில்லை.

பேதுரு குளிர்காய்ந்த கரிநெருப்பு முற்றத்தில் எரிந்தது. உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்காக மூட்டியது திபேரியக் கடற்கரையில். இரண்டுமே திறந்த வெளியில்!

உறங்குமுன் அடுப்பை வெளியே வைப்போம், கம்பளியைப் போர்த்துவோம். அருகில் உறங்கும் பிள்ளையின் மூச்சைக் காப்பதும் ஐந்தாம் கட்டளையே.