கண்ணி தெரியாத தொப்பி

எந்திரத்திலிருந்து கழன்று விழும்போது அதைத் தொப்பி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெளிறிய பால் நிறம். இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க வேண்டிய அகலம். கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும், அத்தனை தொளதொளப்பு. வட்டம்கூட முழுசாக இல்லை. மையத்திலிருந்து ஓரம் வரை ஒரு பக்கம் பிளந்து கிடக்கிறது. பிரான்சின் தென்மேற்கு மூலையில், பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் ஓலோரோன்-சேன்த்-மரி ஊரில் இதற்குக் கலெத் என்று பெயர். பாரிஸ் ஓவியர் தலையிலும் பட்டாளத்துக்காரர் தலையிலும் சாய்ந்து உட்காரும் பெரே தொப்பி இதிலிருந்துதான் பிறக்கிறது. அதற்கு இரண்டு நாள் பிடிக்கும்.

தூலூஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது இந்த ஊர்ப் பக்கம் வந்தேன். போ நகரில் வண்டி மாறினால், ஒரு சின்ன ரயில் மலையைப் பார்த்து நகர்கிறது. புதுச்சேரிக்காரி கம்பளி பின்னுகிறாள் என்றால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். மே மாத வெக்கையில் கம்பளி நூலை மடியில் வைத்திருந்தால் தொடையில் வேர்க்குரு வரும். ஆனாலும் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் கையில் ஊசியைக் கொடுத்த நாளிலிருந்து விடவில்லை. வீட்டில் பின்னுகிறவர்களுக்குப் பெரே ஒரு பெரிய ஆசை. சால்வைபோல மாதக்கணக்கில் இழுக்காது, காலுறைபோலக் குதிகாலில் கழுத்தை அறுக்காது, போட்டால் ஆளே மாறிப்போவார். சிலந்தி வலை மாதிரி ஓட்டை வேலை, முறுக்குப் பின்னல், நடுவில் நட்சத்திரம் என்று என்னென்னவோ செய்து பார்க்கிறோம். அந்தத் தொப்பி பிறந்த இடத்தில் கை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

உலகம் இதைப் பாஸ்க் தொப்பி என்கிறது. மூன்றாம் நெப்போலியன் பியாரிட்ஸ் கடற்கரையில் மாளிகை கட்டியபோது வேலைக்காரர்கள் தலையில் இதைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டான், பெயர் ஒட்டிக்கொண்டது என்பது கதை. ஆனால் செய்கிறவர்கள் பக்கத்துப் பேயார்ன் நாட்டுக்காரர்கள். அவர்களிடம் பாஸ்க் என்ற பெயரை எடுத்தால் முகம் கோணும், அதனால் நான் எடுக்கவில்லை. ஓலோரோனில் லோலேர் கம்பெனி 1840 முதல் பெரே செய்கிறது. கிழக்கே நய் என்ற ஊரில் 1819-இல் தொடங்கிய பிளாங்-ஒலிபே பின்னாளில் அதோடு சேர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்குகள் முழுக்கத் தொப்பி ஆலைகள். ஆண்கள் வெறுந்தலையோடு வெளியே போகத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாக மூடின. நான் நின்றது அப்படி மூடாமல் மிஞ்சிய ஒரு பட்டறையில்.

பின்னுவது எந்திரம்தான். அதில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, சத்தம்தான். ஆனால் அது பின்னுகிற முறையைப் பின்னல்காரி கண்ணால் பார்த்தால் அசந்துபோவாள். நாமெல்லாம் தலை விளிம்பில் தொடங்கி, மேலே போகப்போகக் கண்ணி கூட்டி, பிறகு குறைத்து, நடுவில் முடிப்போம். இங்கே குறுக்கே பின்னுகிறார்கள். ஒரு வரிசை என்பது நடு உச்சியில் தொடங்கி, ஓரம் வரை ஓடி, மடிந்து உள்பக்கம் வந்து, தலை நுழையும் வாயில் முடியும். அடுத்த வரிசையில் உச்சிப் பக்கம் சில கண்ணிகளைத் தொடாமலே திரும்பிவிடும். அதற்கடுத்ததில் இன்னும் சில. இப்படி ஒரு ஆப்பு வடிவம் விழுகிறது, அதன் பக்கத்தில் இன்னொரு ஆப்பு. ஆப்புகள் சேர்ந்து சுற்றி வந்து வட்டமாகும்போது, கடைசி வரிசை முதல் வரிசையைத் தொடும் இடத்தில் நிற்கிறது. அந்தப் பிளவைத்தான் முதலில் பார்த்தேன்.

அந்தப் பிளவை மூடுவது கை. பட்டறையில் மற்ற எல்லா மேசையையும் விட அந்த மேசையருகேதான் அதிக நேரம் நின்றேன். ஒரு வட்டத் தகட்டின் விளிம்பில் மெல்லிய கம்பிப் பற்கள் வரிசையாக நிற்கின்றன. முதல் வரிசைக் கண்ணி ஒன்று, கடைசி வரிசைக் கண்ணி ஒன்று, இரண்டையும் ஒரே பல்லில் மாட்ட வேண்டும். அடுத்த பல்லில் அடுத்த ஜோடி. ஒன்று நழுவினால் அந்த இடத்தில் ஓட்டை விழும். அது இப்போது தெரியாது; சாயம் ஏறி, வடிவம் வந்து, இரண்டு நாள் உழைப்பும் முடிந்த பிறகுதான் பல்லிளிக்கும். அங்கே உட்கார்ந்திருந்த பெண் என்னோடு பேசிக்கொண்டே மாட்டினார். பார்வை என் முகத்தில், விரல் பல்லில். எங்கள் மணக்குள விநாயகர் கோயில் வாசலில் பூக்கட்டுகிற அக்காக்கள் விலை பேசிக்கொண்டே முடிச்சுப் போடுவார்களே, அதே விரல். கைக்கு நிதானம் வர மாதக்கணக்கில் ஆகும் என்றார். வேலைக்கு வருகிற இளம்பிள்ளைகளில் பலர் அதற்குள் போய்விடுகிறார்களாம். கண் எரிச்சல், கழுத்து வலி, எல்லாவற்றுக்கும் மேலாக அலுப்பு. “போனால் போகட்டும், தங்குகிறவர்கள் நன்றாகத் தங்குகிறார்கள்” என்றார், சலிப்பில்லாமல்.

இவ்வளவு பாடுபட்டு மூடிய அந்த வரி அடுத்த அறையில் அழிந்துபோகிறது என்பதுதான் விசேஷம். அழிவதற்காகவே அவர் அத்தனை கவனமாக மூடுகிறார். தையல் போட்டு மூடினால் தழும்பு நிற்கும். கண்ணியோடு கண்ணி சேர்த்தால் நிற்காது.

அடுத்த அறையில் தண்ணீர். வெந்நீரும் சோப்பும் ஊற்றிய தொட்டியில் கலெத்துகளைப் போட்டு மரச் சுத்திகளால் மணிக்கணக்கில் மொத்துகிறார்கள். கம்பளி இழையின் மேல் மீன் செதில்போன்ற அடுக்கு உண்டு. சூட்டிலும் சோப்பிலும் அது விரியும், அடிபட அடிபட ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், பிறகு எந்தச் சாமியாலும் பிரிக்க முடியாது. நம் வீட்டில் நல்ல ஸ்வெட்டரை யாராவது வெந்நீரில் துவைத்துக் குழந்தைச் சட்டையாக்குகிறார்களே, அதே விபத்தைத்தான் இங்கே அளந்து, நிறுத்தவேண்டிய நேரத்தில் நிறுத்திச் செய்கிறார்கள். உள்ளே போனது கையை அகல விரித்துப் பிடித்த சல்லடை. வெளியே வருவது கெட்டியான, சின்ன, கனத்த துணி. கண்ணி எங்கே என்று தேட வேண்டும்.

தொப்பித் தொழில் இந்த ஊர்களில் வேர்விட்டதற்கும் தண்ணீரே காரணம். ஆஸ்ப், ஒஸோ என்ற இரண்டு மலையாறுகள் ஓலோரோனில் கூடுகின்றன. சுண்ணாம்பு ஏறாத மென்மையான தண்ணீர், சோப்பு நன்றாக நுரைக்கும், சுத்தமாக அலசவும் வரும். அந்த ஆறே சக்கரத்தைச் சுற்றி மரச் சுத்திகளையும் தூக்கிப் போட்டது. ஆலைகள் வந்த தொடக்கத்தில் ஊர்ப்பெண்கள் வீட்டிலிருந்து கையால் பின்னிக் கொடுப்பார்கள், ஆலை அடித்துக் கெட்டியாக்கும். அதற்கும் முன்னால் மேய்ப்பர்களே பின்னிக்கொண்டார்கள். வடக்கே லாந்து சமவெளியில் மேய்ப்பர்கள் பொய்க்கால் கட்டி, ஒரு நீளக் கம்பின்மேல் சாய்ந்து, சதுப்பு நிலத்துக்கு மேலே நின்றபடியே பின்னிக்கொண்டிருப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் பார்க்கலாம். ஆட்டின் மேல் ஒரு கண், கையில் ஊசி. பின்னல் பெண்கள் வேலை என்று சொல்கிறவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்ட வேண்டும்.

ஆடு இன்னும் மேய்கிறது, ஆனால் அதன் ரோமம் தொப்பிக்கு ஆகாது. முரடு. அதன் பால் பாலாடைக்கட்டிக்குப் போகிறது; தொப்பிக்கு மெரினோ கம்பளி கடல் கடந்து வருகிறது. ‘உள்ளூர்ப் பொருள்’ என்று தொப்பியை விற்கிறவர்கள் இந்தச் செய்தியைக் கொஞ்சம் மெல்லத்தான் சொல்கிறார்கள்.

சாயம் முடிந்து ஈரமாக இருக்கும்போதே வட்டத் தகட்டின் மேல் இழுத்து மாட்டிச் சூட்டில் காயவைக்கிறார்கள். அதன் விட்டம்தான் தொப்பியின் அளவு, அதை இன்றும் பழைய பிரெஞ்சு அங்குலத்தில் சொல்கிறார்கள். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இந்தக் கட்டம் புரியும். புதுத் தொப்பியை நனைத்து, தலையில் போட்டு, வலப்பக்கம் சாய்த்து அழுத்தி, அப்படியே காயவிடுவோமே! அதற்கும் இந்த மலைக்கும் உறவு உண்டு. பிரெஞ்சு மலைப்படை 1889-இல் மேய்ப்பர் தொப்பியைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டது. கூடாரத்தில் தூங்கும்போது இரண்டு காலையும் அதற்குள் நுழைத்துக்கொள்ளலாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். முதல் உலகப் போரில் அவர்களைப் பார்த்த பிரிட்டிஷ் டாங்கிப் படைக்காரர்கள் 1924-இல் கறுப்பு பெரே அணிய அனுமதி வாங்கினார்கள். விளிம்பு இல்லை, டாங்கிக்குள் எங்கும் இடிக்காது, எண்ணெய்க் கறை தெரியாது. பிரிட்டிஷ் படையிலிருந்து இந்தியப் படைக்கும், அங்கிருந்து நம் கல்லூரி மைதானத்து அணிவகுப்புக்கும் அது வந்து சேர்ந்தது.

காய்ந்த பிறகு மேல்பக்கத்தைச் சீவி மயிர் எழுப்புகிறார்கள். முன்பு ஒரு முட்செடியின் உலர்ந்த தலையை வைத்துச் சீவுவார்களாம், இப்போது கம்பிச் சீப்பு. எழுந்த மயிரைச் சமமாகச் சிரைத்தால் வெல்வெட் போல ஒரு பரப்பு வருகிறது. உள்ளே துணி, தோல் பட்டை. உச்சியில் நிற்கும் அந்தக் குட்டி வால் மட்டும் பழைய பின்னலின் மிச்சம், பெயர் கபியு. நடுவில் நூல் முடிகிற ஓட்டையை அடைக்கிறது. அலங்காரமல்ல, அடைப்பான். ராணுவத்துப் பெரேயில் அது இருக்காது. ஊர்க்காரர் தொப்பியில் அது இல்லையென்றால் தொப்பியே இல்லை.

நய் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு மதாமைப் போய்ப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். பிளவு மூடும் மேசையில் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். இப்போது சமையலறை மேசையில் கையால் பெரே பின்னிக் கிராமச் சந்தையில் விற்கிறார். என் பையிலிருந்து நான் பின்னிய முறுக்குப் பின்னல் பெரேயை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார், உள்பக்கம்தான் அதிகம் பார்த்தார். “நல்ல கை உங்களுக்கு. ஆனால் மதாம், பின்னல் தெரிகிறதே. இது குல்லா” என்றார்.

அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணி தெரியும் பெரேவுக்கும் ஓர் அழகு உண்டு. சாப்பாட்டுத் தட்டில் ஈரமாக மாட்டிக் காயவைத்தால் அதுவும் வட்டமாகத்தான் உட்காரும். ஆனால் அவர் அழகைப் பற்றிப் பேசவில்லை, மழையைப் பற்றிப் பேசினார். குழாயைத் திறந்து என் தொப்பியின் மேல் ஒரு சொட்டு விட்டார், உள்ளே இறங்கியது. அவருடையதன் மேல் விட்டார், மேலேயே உருண்டது. மலை மேல் ஆட்டோடு நாள் முழுக்க நிற்கிறவனுக்கு எது வேண்டும் என்று கேட்டார். ஓவியர்களும் சினிமா நடிகைகளும் பின்னால்தான் வந்தார்கள். 1967-இல் ‘பானி அண்ட் கிளைட்’ படத்தில் ஃபே டனவே பெரே போட்ட பிறகு பெண்கள் கடைகளில் முண்டியடித்தார்கள் என்பதை அவரும் சொன்னார், கொஞ்சம் அலட்சியமாக.

வீட்டு முறையைக் காட்டினார். மெஷினில் துவைக்கலாம் என்று எழுதிய நூலை வாங்கவே கூடாது, அதன் செதிலை மழுக்கியிருப்பார்கள், எவ்வளவு தேய்த்தாலும் கெட்டியாகாது. 6 மி.மீ. ஊசி, சுமாரான கனத்தில் நூல், 40 கண்ணி. உச்சிப் பக்கம் ஒவ்வொரு வரிசையிலும் சில கண்ணியை விட்டுத் திரும்ப வேண்டும், வாய்ப் பக்கமும் கொஞ்சம். 12 ஆப்பு. பார்த்தால் அழுகை வரும் அளவுக்குத் தளர்வாகப் பின்ன வேண்டும்; இறுக்கிப் பின்னினால் இழைக்கு நகர இடமிருக்காது. கடைசி வரிசையை நூல் கோத்த ஊசியால் முதல் வரிசையோடு கண்ணி கண்ணியாகச் சேர்ப்பது. பிறகு கழுவுதொட்டியில் வெந்நீர், சவுக்காரம், கையால் பிசைதல், நடுநடுவே குளிர்ந்த தண்ணீர். முக்கால் மணி நேரம் பிசைந்தார். தோள்பட்டைச் சதை ஆடியது. நான் வாங்கிப் பிசைந்தபோது அவர் காபி போட்டார்.

சந்தையில் என்ன விலை சொல்வீர்கள் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். நல்ல ஆலைத் தொப்பியே எழுபது, எண்பது யூரோவுக்குப் போகிறது. பாரிஸ் சுற்றுலாக் கடைகளில் எங்கிருந்தோ வரும் பெரே பத்து யூரோவுக்குத் தொங்குகிறது. கையால் பின்னிக் கையால் பிசைந்ததற்கு மணிக்கணக்குப் போட்டால் யாரும் வாங்க முடியாது. அதனால் கணக்கே போடுவதில்லை என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஓய்வூதியம் வருகிறவர் கணக்குப் போடாமல் இருக்கலாம். அதை நம்பி ஒரு இளம்பெண் இதில் இறங்க முடியாது. இதைச் சொன்னேன். “அதனால்தான் அவர்கள் எந்திரத்தோடு இருக்கட்டும் என்கிறேன். மூடுவதற்கு மட்டும் கை போதும்” என்றார்.

கிளம்பும்போது, அடுத்தது கறுப்பில் பின்னப்போகிறேன் என்றேன். கூடாது என்று தடுத்தார். ஆலையிலேயே வெள்ளையில் பின்னிப் பிறகுதான் சாயம் போடுகிறார்கள். கறுப்பு நூலில் எந்தக் கண்ணி எந்தப் பல்லுக்கு என்று தெரியாமல் கண் போய்விடும். நூல்கூடையைக் கிளறி வெளிர் சாம்பல் நிறத்தில் இரண்டு உருண்டை எடுத்துக் கொடுத்து, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டார்.