இடையில் நின்ற மாணாக்கர்

பண்டாரவளையில் மழைக்காலத்துக் காலைகளிற் பனிமூட்டம் வகுப்பறைக்குள்ளும் புகுந்துவிடும். அத்தகைய ஒரு காலையில், பல வாரங்கள் வாராதிருந்த பத்தாம் வகுப்பு மாணாக்கன் ஒருவனின் பெயரை இடாப்பிற் சிவப்பு மையால் வெட்டினோம். “இனி இவனுக்குப் படிப்பில்லை” என்று வகுப்பறிய உரைத்தும் விட்டோம். தந்தையை இழந்த அவன், தோட்டத்து லயத்தை விட்டுக் கொழும்பிலே கடைவேலைக்குச் சென்றமையைப் பின்னரே அறிந்தோம்.

யாம் உரைத்தது பிழையென எமக்கு உணர்த்தியது, சிங்கப்பூரின் ஆறாவது சனாதிபதி எஸ். ஆர். நாதன் அவர்களின் வரலாறாகும்.

செல்லப்பன் இராமநாதன் என்பது அன்னாரின் முழுப்பெயர். 1924 ஆம் ஆண்டிற் சிங்கப்பூரிலே தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர். மலாயாவின் மூவார் நகரில் எழுதுவினைஞராயிருந்த தந்தையார், இரப்பர் விலை வீழ்ந்த காலத்திற் கடன் சுமை தாங்காது உயிர்நீத்தார். அப்போது மைந்தருக்கு வயது எட்டு. பதினாறு வயதில் வீட்டை விட்டு ஓடிய அவர், கிடைத்த வேலைகளைச் செய்தார். ஜப்பானியர் ஆட்சியில் அவர்தம் மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளரானார். போர் ஓய்ந்தபின், உழைத்துக்கொண்டே விட்ட கல்வியைத் தொடர்ந்து, 1954 இல் மலாயாப் பல்கலைக்கழகத்திற் சமூகவியல் சார்ந்த டிப்ளோமாவைச் சிறப்புத் தகுதியுடன் பெற்றார். அப்போது அவருக்கு அகவை முப்பது!

மருத்துவமனைச் சமூகப்பணியாளராகத் தொடங்கிக் கடலோடிகளின் நலத்திலும் தொழிற்சங்க ஆய்விலும் உழைத்தவர், 1966 இல் வெளிநாட்டமைச்சிற் சேர்ந்தார். அவ்வமைச்சின் தலைவர் நமது யாழ்ப்பாண மண்ணிற் பிறந்த எஸ். இராசரத்தினம் என்பதை ஈண்டு நினைத்தல் தகும். 1974 இல் ஆயுதந்தாங்கிய நால்வர் ‘லாஜூ’ என்னும் படகிற் பணியாளரைப் பிணையாகப் பிடித்தனர். அப்பணியாளர் விடுபடுதற்பொருட்டு, நாதன் தலைமையிற் பதின்மூன்று அதிகாரிகள் அந்நால்வருடன் குவைத்துக்குப் பறந்தனர், உயிருடன் மீண்டனர்.

1988 இல் மலேசியாவுக்கு உயர்ஸ்தானிகராகவும், 1990 முதல் 1996 வரை அமெரிக்காவுக்குத் தூதுவராகவும் பணிபுரிந்தார். 1999 இலும் 2005 இலும் போட்டியின்றிச் சனாதிபதியானார். வாக்களிப்பு நிகழாமையைக் குறைகூறினாரும் உளர். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் அப்பதவியை மாசின்றி வகித்தார். 2016 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 ஆம் நாள் மறைந்தார்.

தேயிலைக்கென இங்கும் இரப்பருக்கென அங்கும் கடல் கடந்தோர் ஒரே தமிழகத்து மக்களே. அங்கு ஒரு சிறுவனுக்குக் கல்வியின் வாயில் இரண்டாம் முறையும் திறந்தது. இங்கு அதனை யாமே சாத்தினோமன்றோ?

சென்ற தீபாவளிக்கு ஊர் வந்த அம்மாணாக்கன், எமது வீட்டு வாயிலில் நின்று, “சேர், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக நான் சோதனை எழுதலாமா?” என்று வினவினான். யாம் நாணினோம். அன்று உரைத்த சொல்லுக்காக அவனிடம் வருத்தமும் தெரிவித்தோம். அவனோ அதை மறந்தவன்போற் சிரித்தான். தமிழ் பாடக் குறிப்புகளைக் கையளித்தோம். கணிதத்துக்கு நண்பரொருவர் உதவுகின்றார். பெறுபேறு எவ்வாறாயினும் ஆகுக.

பழைய மாணாக்கர்களே! உங்கள் கடைகளிலும் அலுவலகங்களிலும் இத்தகையோர் உளர். மாலையில் ஒரு மணிநேரம் முன்னதாக அவர்களை அனுப்புங்கள். ஆசிரியர்களாகிய யாமும் சிவப்பு மையைச் சற்றே சிக்கனமாக வழங்குவோம்.