பட்டியல் வாசித்த ஊர்

திருப்பதியில் ஒரு லாட்ஜுக்குப் பெயின்ட் அடிக்கும்போது மேஸ்திரி கேட்டார்: "தமிழ்நாட்டுல எத்தனையோ ஊர் இருக்கே, தம்பி. ஏன் கும்மிடிப்பூண்டியில போய்க் குடியேறினீங்க?" நல்ல மனுசன், சித்தூர்க்காரர். குடியேறினோமா? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டது. திருகோணமலையில் வீட்டைப் பூட்டவும் அம்மா நிற்கவில்லை. காடு, மன்னார், பேசாலைக் கரை. இரவு வள்ளம் ஏறினோம். மண்ணெண்ணெய் நெடி, மீன் வெடுக்கு, யாரோ சத்தியெடுத்த புளிப்பு. எனக்கெதிரே பால்குடிப் பிள்ளையோடு ஒரு தாய். பிள்ளை சிணுங்கும்போதெல்லாம் முலையை வாயில் வைப்பாள், பால் வற்றியிருந்தது. அந்த முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. தூரத்தில் வெளிச்சம், நேவி என்றான் ஓட்டி, எஞ்சினை நிறுத்தினான், படுங்கோ என்றான், படுத்தோம், வெளிச்சம் விலகியது, விடியுமுன் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

மண்டபம் முகாமில் பெயர் பதிந்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை வெள்ளைக்காரன் தடுத்து வைத்திருந்த அதே முகாம். பிறகு பட்டியல் வாசித்தார்கள். அரசிடம் எங்கே காலியிடமோ அங்கே நாங்கள். எங்களுக்கு வந்தது கும்மிடிப்பூண்டி. காசிருந்தவர்கள் போலீசில் பதிந்துவிட்டு சென்னையிலோ திருச்சியிலோ வாடகைக்குப் போனார்கள். அயல்வீட்டு ஆச்சிக்கு வேறு பஸ். யன்னலுக்குள்ளால் கைநீட்டி என் கன்னத்தைத் தடவினார். விரலில் திருநீற்று வாசம். அவரை மறுபடி நான் பார்க்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே மாதம் குண்டு வெடித்த பிறகு முகாமில் செக்கிங் இறுகியது. ஆளில்லாவிட்டால் பதிவு போய்விடும் என்ற பயம். கிட்டவே கிடைத்த வேலை பெயின்ட் வேலை. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. 2008க்குப் பிறகு சத்தியவேட்டுப் பக்கம் ஸ்ரீசிட்டி எழும்பியது. அப்போது அது சித்தூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். புதுச் சுவர் எழும்பினால் எங்களுக்குச் சோறு. விடியப்போய் இரவு திரும்பலாம். வேண்டாவெறுப்பாய் வந்த ஊரில் சனம் நிலைத்தது இப்படித்தான். கலியாணமும் முகாமுக்குள்ளேயே. திருப்பதி தூரம், தங்குவதென்றால் அனுமதி வேண்டும். பெருமாளைக் கும்பிடவும் எங்களுக்குக் கடிதம் வேண்டும்!

2021இல் அகதிகள் முகாமுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். பெயர்தான் மாறியது. என் பிள்ளைகள் இரண்டும் கும்மிடிப்பூண்டியில் பிறந்தவை. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. பின்னால் பிறந்தால் தாயோ தகப்பனோ இந்தியராக இருக்கவேண்டும். 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. என் பிள்ளைகளுக்கு இன்றுவரை எந்த நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லை.